இன்ஸ்பெக்டர் அடித்த தண்டவாளம்

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் என்றால் காலையில் பாடம் சொல்பவர், மத்தியானம் ஊராருக்கெல்லாம் கடுதாசி எழுதிக் கொடுப்பவர், சாயங்காலம் புருஷன் பெண்சாதி சண்டைக்கு மத்தியஸ்தம் போகிறவர், மூன்று வேலைக்கும் சேர்த்துத் திட்டு வாங்குபவர். என்னோடு வெண்கட்டித் தூள் விழுங்கிய சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்த புதிது. சித்தியவான் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, உரச்சாக்கு அடுக்கியிருந்த கொட்டகை ஒன்றைக் காலி செய்து, அதில் ஒரு கரும்பலகையையும் என்னையும் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டில் கரும்பலகைக்குத்தான் கால் உறுதி. அந்தக் கொட்டகையில் கழிந்த ஒரு வாரத்தைச் சொல்கிறேன். நம்பாவிட்டால் போங்கள், மறுத்துப் பேசக்கூடிய சாட்சிகள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தவணை

திங்கட்கிழமை காலை முனியன் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றான். பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவன். அவன் மகள் அஞ்சலைதான் என் நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்பில் வேறு யாரும் இல்லை. மற்ற பிள்ளைகள் அதற்குள் புல்லுவெட்டுக்குப் போய்விடுவார்கள். அஞ்சலை எழுத்தைக் கண்டால் விடமாட்டாள். தீப்பெட்டி, சாமிபடக் காலண்டர், சாமான் மடித்த பழைய பேப்பர், எது கிடைத்தாலும் படிப்பாள். புளி கட்டிவந்த பேப்பரில் பாதிக் கதை இருந்ததென்று, மீதிப் பாதிக்காக அதே கடையில் மறுபடி மறுபடி புளி வாங்கினாள். கதை முடிகிறவரை அந்த லயத்து வீட்டில் புளிக்குழம்பைத் தவிர வேறு குழம்பு கிடையாது.

“புள்ளைக்கு வேலை செய்யிற வயசாச்சு வாத்தியாரே, ஆபீஸ்ல பேர் போட்டுறலாம்னு இருக்கேன்” என்றான் முனியன். வெள்ளிக்கிழமை ஈப்போவிலிருந்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறார், அஞ்சலை படிப்பதை அவர் ஒருதரம் கேட்டால் போதும், ஈப்போவில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பச் சொல்லிவிடுவார் என்றேன். கோட்டுப் போட்டவர் சொன்னால் எங்கள் துரை தட்டமாட்டார். முனியன் வெகுநேரம் தலையைச் சொறிந்தான். அப்புறம் சொன்னான்: “சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் அவ உங்க புள்ள. அந்தப் பெரியவரு கேட்டுட்டுத் துரைகிட்ட ஒரு வார்த்தை சொன்னாருன்னா படிக்கட்டும். இல்லேன்னா சனிக்கிழமை விடியக்காலம் வேலைக்குப் பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப அவ எம் புள்ள.”

வாய் திறந்த மாணவன்

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வருவான். அம்மா மரம் வெட்டப் போய்விட்டால் குழந்தையை வேறு எங்கே வைப்பது? அது என் மேசைக்கு அடியில் கிடந்து, நான் தினமும் பேர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை நான் பேர் கூப்பிட்டபோது, வராத பிள்ளை ஒன்றின் பேருக்கு மேசைக்கு அடியிலிருந்து கணீரென்று “உள்ளேன் ஐயா” என்று பதில் வந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற வாரம். பதில் சொன்ன வாயை வீணாக்கக் கூடாதே என்று, வந்திருப்பதாகவே குறித்துக்கொண்டேன். பெரிய சாதனை என்று சாயங்காலம் அதன் தாயிடம் போய்ச் சொன்னேன். அவள் குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தாள். “பெத்தவள அம்மான்னு கூப்பிட வாய் வரல, வாத்தியாருக்குப் பதில் சொல்ல மட்டும் வந்துருச்சா ஒனக்கு!”

ஒரே துணி

பிள்ளைகளுக்கு மேல்சட்டை இல்லாதது புதன்கிழமைதான் என் புத்தியில் உறைத்தது. கடை ராவுத்தரிடம் ஓடினேன். அவரிடம் கைலிக்கென்று வந்த கட்டம்போட்ட துணி ஒரு முழுச் சுருள் இருந்தது. “இரவல் தர்றேன். ஆனா கத்திரி படப்படாது” என்றார். யோசித்துப் பார்த்தேன். முதல் வகுப்பு முழுவதையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, முதல் பையன் தோளில் ஆரம்பித்து, அடுத்தவன் மார்பைச் சுற்றி, அதற்கடுத்தவன் முதுகில் விட்டுக் கடைசிப் பையன்வரை ஒரே துணியாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன். முன்னாலிருந்து பார்த்தால் ஆளுக்கொரு சட்டை. ஒருவன் எழுந்தால் எல்லாரும் எழவேண்டும். ஒருவனுக்கு ஒன்றுக்கு வந்தால் வகுப்பே வேலியோரம் போய் வந்தது. அத்தனை கட்டுப்பாட்டை அதற்குப் பிறகு நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்க்கவில்லை.

ராவுத்தர் வந்து பார்த்துவிட்டு மோவாயைத் தடவினார். “பெருநாளைக்கு இதை விக்கணும்லா வாத்தியாரே. பசங்க மூக்கு மட்டும் இதுல படாமப் பாத்துக்குங்க, மூக்குக்குத் தனியாத் துணி தர்றேன்.”

மழை நாள்

வியாழக்கிழமை விடியும்போதே மழை. நனைந்த மரத்தை வெட்ட முடியாது. தோட்டத்தில் வேலை இல்லை. என்றைக்கும் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்திராத பெண்கள், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து சுவரோரம் குந்தினார்கள். அஞ்சலையைப் படிக்கச் சொன்னேன். நாலாம் புத்தகத்தில் கப்பலைப் பற்றி ஒரு பாடம். அவள் படிக்கப் படிக்க, கப்பலின் அடித்தட்டில் படுத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “மெதுவாப் படிடி, எனக்குக் கொமட்டுது” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. முனியனும் வந்திருந்தான். உள்ளே வரவில்லை, கூரைத் தண்ணீர் தோளில் விழ வெளியிலேயே நின்று முழுப் பாடத்தையும் கேட்டான்.

முடிந்ததும் அஞ்சலையின் தாய் எழுந்துவந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தாள். “இம்புட்டும் இதுக்குள்ளயா இருக்கு? நீங்க சொல்லிக் குடுத்து ஒப்பிக்கிறான்னுல்ல இவ்வளவு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

நிதானம்

பள்ளிக்கூடத்துக்கும் பால் ஸ்டோருக்கும் நடுவே இருந்த பலாமரத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம் தொங்கியது. தோட்டத்துக்கே அதுதான் மணி. படபடவென்று அடித்தால் பள்ளிக்கூடம். நிறுத்தி நிறுத்தி, இழுத்து இழுத்து அடித்தால் பால் எடுக்கிற நேரம். மரம் வெட்டுகிறவர்கள் கத்தியைச் செருகிவிட்டு, கோப்பைப் பாலை வாளியில் கொட்டிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்குவார்கள். அம்மாவின் வாளிக்குக் கைகொடுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். அந்தச் சத்தத்தோடு அன்றைய பள்ளிக்கூடமும் முடிந்துவிடும். தோட்டத்து நாய்களுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். ஈப்போவிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். கோட்டு, தலைப்பாகை, கைத்தடி. எதையும் அவசரமில்லாமல் செய்கிறவர். முதல் வகுப்பு ஒரே ஆளாக எழுந்து நின்றதைப் பார்த்து, “நல்ல ஒழுங்கு” என்று மெச்சினார். தலை நிறைய எண்ணெயோடு அஞ்சலை எழுந்தாள். கப்பல் பாடத்தைத் திறந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். பெரியவர் கையை உயர்த்தி, “பொறு பிள்ளை, அதிலயே நில். முதல்ல கிணறு, பிறகு மணி, அதுக்குப் பிறகுதான் படிப்பு” என்றார். கிணற்றைப் பார்த்தார். பலாமரத்தடிக்கு வந்தார். பார்ப்பதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் இரும்புக் கம்பியை எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் போலவே அதையும் நிதானமாகச் செய்தார். ஓர் அடி; அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து இன்னோர் அடி.

மூன்றாம் அடிக்குள் பள்ளிக்கூடம் காலி. முதல் வகுப்பு முழுவதும் ஒரே துணியில் ஒரே வாசல் வழியாகப் பாய்ந்ததில் கதவு நிலையையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மலைச்சரிவைப் பார்த்தால் எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றியதுபோல் ஜனம் வாளியோடு இறங்கி வருகிறது. முந்தின நாள் மழையில் போன வேலையையும் அன்றைக்கே பிடித்துவிடவேண்டும் என்று துரை ஆட்களை ஏவியிருந்தார். பாதி மரம் இன்னும் வெட்டவே இல்லை; வெட்டியவற்றில் பால் அப்போதுதான் சொட்டத் தொடங்கியிருந்தது. துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அர்த்தம் புரியவில்லை, ஆனால் இன்ஸ்பெக்டரின் தலைப்பாகை ஆடியது. அன்றைக்கு அவர் அவசரமாகச் செய்த ஒரே காரியம் காரில் ஏறியதுதான். புழுதி அடங்கியபின் நான் உள்ளே போனேன். ஒருநாள்கூட அம்மாவின் வாளிக்குப் போகத் தவறாத அஞ்சலை, சொன்ன இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். விரல் முதல் வரியில் இருந்தது. “ஐயா, அவரு மணியப் பாத்து முடிச்சிட்டாரா? நான் ஆரம்பிக்கட்டுங்களா?”

பெரட்டுக் களம்

அன்று சாயங்காலமே ஈப்போவுக்குக் கடுதாசி எழுதிப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. பெரியவர் அதையும் நிதானமாகத்தான் எழுதுகிறார்போலும். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியைப் பிடித்துத் துரையிடம் பேசச் சொன்னேன். ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல்லைக் கேட்டவுடனே துரையின் கழுத்து சிவந்துவிட்டதாம்; கிராணி பாதியிலேயே திரும்பிவிட்டார்.

சனிக்கிழமை விடியற்காலம் பெரட்டுக்கு நானும் போய் நின்றேன். அஞ்சலையின் கையில் சின்ன மண்வெட்டி. “அவர் கேட்கவே இல்லையே முனியா, கேட்காததை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?” என்றேன். முனியன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “கேட்டுட்டு வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறிப்போயிருக்கும் வாத்தியாரே.” கிராணி பேர் போட்டுவிட்டு, கைநாட்டு வைக்க மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் விரலை நீட்டவில்லை, அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். துரை ஆபீசில் தலைநிமிர்ந்து நின்றறியாத முனியன் ஓரடி முன்னே வந்தான். “எம்பொண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க. முழுப் பேரும் எழுதுவா. அந்தப் பேனாவ ஒருக்கா குடுங்க சாமி” என்றான். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிராணி கெட்டவர் அல்ல. பின்னால் வரிசை காத்திருந்தது, அவ்வளவுதான். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: “புல்லு வெட்டுறதுக்கு எதுக்கப்பா பேனா? வெரல நீட்டச் சொல்லு.”

ஆக சகோதரர்களே, அந்த வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று ஒன்று நடக்கவே இல்லை, இருந்தும் தோற்றுப்போனவள் நன்றாகப் படித்தவள் ஒருத்திதான்.