எந்த கேன்ல இருந்து ஊத்தின?

நீலமாய் ஒரு புகை வரும்... நூல் மாதிரி மெல்லிசாக. கூடவே எரிந்த ஆயில் வாசனை, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் ஓட்டும் அந்தக் குட்டி ரேஸ் வண்டிகள் கிளம்பும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்குப் பத்து வண்டி கிளம்பியது. ஒன்பது வண்டிக்குப் பின்னால் புகை. பவித்ரா வண்டிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ரவுண்டிலாவது வருமா என்று பார்த்தேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் போனில் அடிக்கிறாள். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் எனக்கு ஒரு சின்ன ஷெட். வல்லம் பக்கத்து விவசாயிகள் மருந்தடிக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த இன்ஜின்தான் எனக்குப் பாடம் எல்லாம்.

கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேகர், பத்து வயது மகள் பவித்ராவுக்காகச் சென்னையில் ஒரு பழைய ரேஸ் வண்டி வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே அதே டூ ஸ்ட்ரோக் சங்கதி.

"நம்ம மருந்து மெஷின் ஜாதிதான் சேகரு. கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி, அவ்ளோதான்" என்றேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அதோடுதான் பொழுது. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பேன். கார்புரேட்டர் ஸ்குருவை மயிரிழை திருப்பி, காதை வைத்துக் கேட்பேன். கோட்டை இருக்கிற ராஜகிரிப் பாறையில் மோதித் திரும்பி வருகிற சத்தத்தில் பிசிறு இருந்தால், மறுபடியும் ஸ்குரு.

இந்த மாதிரி இன்ஜினுக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோல் போனால் உள்ளே பிஸ்டன் காய்ந்து, சூடேறி, இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் இரண்டும் அப்படியே நின்றுவிடும். வேகத்தில் வரும் வண்டி சக்கரம் நின்றால்... பின்னால் வருகிற வண்டியெல்லாம் எங்கே போகும்?

என்னிடம் இரண்டு கேன். ஒன்று வெறும் பெட்ரோல், பார்ட்ஸ் கழுவ. இன்னொன்று கலந்தது. எழுதி ஒட்ட எனக்குத் தெரியாது. அதனால் கலந்த கேனின் கைப்பிடியில் ஒரு துணி கட்டி வைப்பேன். சேகருக்கும் அது தெரியும். ஒரு வருஷம் தப்பே நடந்ததில்லை.

ரேஸ் சென்னைப் பக்கம். நானும் சேகரும் பவித்ராவும் முதல் நாளே போய்விட்டோம். பிராக்டிஸ் முடிந்ததும் டேங்கைச் சுத்தமாக வடித்து வைத்தேன். மறுநாள் காலையில் ஒரு பாரத்தில் மெக்கானிக் கையெழுத்து போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கைநாட்டு என்றதும் அவர்கள் மை டப்பா தேட ஆரம்பித்தார்கள். தேடினார்கள், தேடினார்கள்... நான் திரும்பி வருவதற்குள் வண்டி கோட்டில் நின்றிருந்தது.

"டேங்க் ஃபுல் பண்ணிட்டேண்ணே. நீ டென்ஷன் ஆவாத" என்றார் சேகர்.

மூன்றாவது ரவுண்டிலும் புகை இல்லை.

"சேகரு, எந்த கேன்ல இருந்து ஊத்தின?"

"துணி கட்டினதுலதாண்ணே."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கேனிலும் துணி! மஞ்சளில் நனைத்த புதுத் துணி. ஸ்டியரிங்கில், டூல்ஸ் பெட்டியில்கூட ஒன்று.

பவித்ராவின் அம்மா அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு, அங்கிருந்து நேராக பஸ் பிடித்து அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தாள். "அந்த அழுக்குத் துணிய நான்தாண்ணே அவுத்துப் போட்டேன். அம்மன் கிட்ட வச்சி எடுத்தாந்தது, எல்லாத்துலயும் கட்டினேன்... ஏண்ணே?"

ஒரு கேன் காலி; சேகர் ஊற்றியது அதிலிருந்துதான். நிறைந்திருந்த மற்ற கேனைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன். வெறும் பெட்ரோல் என்றால் ஊதுவதற்குள் காய்ந்து கை வெளுத்துவிடும்.

காயவில்லை. பிசுபிசு என்று இருந்தது. கலந்தது என் கையில் இருக்கிறது. அப்படியென்றால் டேங்கில்...

"நிறுத்தச் சொல்லு சேகரு. ஆயில் இல்லாம ஓடுது."

"ரெண்டாவதா போறாளேண்ணே! எட்டு ரவுண்டுல ஆறு முடிஞ்சிடுச்சி. இன்னும் ரெண்டே ரெண்டு."

"பின்னாடி எட்டு வண்டி வருது. வீலு புடிச்சிக்கினா இன்னா ஆவும்? நீயே சொல்லு."

சேகர் மனைவிதான் ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் போக, கொடி பிடித்தவர் கையையே போய்ப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, என் பொண்ணுண்ணா... நிறுத்துங்கண்ணா..."

கறுப்புக் கொடி காட்டினார்கள். வண்டி ஓரமாய் வந்து நின்றது.

பவித்ரா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தாம்மா."

"வண்டி நல்லாதான ஓடுச்சி! ஒருத்தன்தான் தாத்தா முன்னாடி இருந்தான். ஒரே ஒருத்தன்!"

மறுநாள் ஷெட்டில் இன்ஜினைப் பிரித்தேன். பிஸ்டனில் பூனை பிராண்டியது மாதிரி மூன்று கோடு. இன்னும் இரண்டு ரவுண்டு தாங்கியிருக்குமோ, அடுத்த வளைவிலேயே பிடித்திருக்குமோ... எத்தனையோ இன்ஜின் பார்த்த எனக்கே இன்றைக்கு வரை தெரியாது.

இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு பேட்டரியில் ஓடுகிற வண்டி வந்துவிட்டதாம். ஆயில் கலக்கிற வேலையே இல்லை. மெக்கானிக் காதை வைத்துக் கேட்பதில்லை, லேப்டாப்பைப் பார்க்கிறானாம். நல்லதுதான். யாரும் என் மாதிரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

பவித்ரா இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் கூட வேலை செய்கிற பெண்களைக் கோட்டை பார்க்க அழைத்து வந்தவள், ஷெட்டுக்கும் வந்தாள்.

"இவருதான்டி எங்க மெக்கானிக் தாத்தா. கப்பு வாங்க வேண்டியவள கெடுத்து உட்டவரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினேன்.

சொல்லட்டும்... ஊரெல்லாம் சொல்லட்டும். சொல்வதற்கு அவள் நல்லபடியாக இருக்கிறாள்.