காகிதத்தில் சுற்றிய சேலை

கிறிஸ்மஸ் பிள்ளைகளின் திருநாள், மீசை முளைத்தவர்கள் பூசை கண்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகவேண்டும் என்று உத்தமபாளையத்தில் ஒரு வாத்தியார் போன மாதம் என்னிடம் வாதாடினார். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வது துரைமாரைப் பார்த்துப் போடும் வேஷம் என்பது அவர் கட்சி. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். வாத்தியாருக்கு ஈடு கொடுக்கும் பேச்சு என்னிடம் இல்லை. ஆனால் அப்படிக் கொடுத்த ஒரு பரிசால் இரண்டு விரல் போனதையும், ஒரு மண்டை பிளந்ததையும், என் அக்காவின் தோட்டம் கைவிட்டுப் போகவிருந்ததையும் பார்த்திருக்கிறேன். மண்டையைப் பிளந்தது நான்தான்.

அப்போது நான் மலைமேல் பெரியாற்று அணை வேலைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கூடலூரில் ஏற்றிய பாரத்தைக் குமுளிக் கணவாய் வழியாக மேலே கொண்டுபோய் இறக்கவேண்டும். அங்கே ஆட்கள் செத்தது பல விதம். வெடி வைத்த பாறையின் சில்லுத் தெறித்துச் செத்தார்கள், வெள்ளத்தில் போனார்கள், யானை மிதித்துச் செத்தார்கள். எல்லாவற்றையும்விடக் காய்ச்சல்தான் அதிகம் கொன்றது. புதைக்கக் குழி வெட்ட ஆள் கிடைக்காதபோது ஓவர்சியர் வண்டிக்காரர்களை உதைத்து வெட்டச் சொல்வான். நானும் உதை வாங்கி வெட்டியிருக்கிறேன்.

மேலே போன முதல் வருஷத்துக் கிறிஸ்மஸ் அன்று துரைமார் கூடாரத்து வாசலில் பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே நரைத்த தாடிக்காரர்கள் ஒருவருக்கொருவர் காகிதப் பொட்டலம் நீட்டிச் சிரித்தார்கள். ஒருவர் பிரித்தார், உள்ளே பேனாக்கத்தி. இன்னொருவர் பிரித்தார், உள்ளே கம்பளிக் காலுறை. அன்று சாயங்காலமே எங்கள் கொட்டகைப் பக்கம் சாராயத்துக்காக இரண்டு பேர் கடப்பாரையோடு மோதிக்கொண்டார்கள். ஒருவன் தாடை கழன்று தொங்கியது. என்னோடு நின்ற கொத்தனார் ஒருவருக்கு அந்தத் தாடை மறந்துவிட்டது, பொட்டலம் மறக்கவில்லை.

அவர் புதுச்சேரிப் பக்கத்துக்காரர், எங்களைப் போலவே வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவர். ஐம்பது வயது இருக்கும். ஊரில் பெண்டாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். அவருடைய அப்பா பரங்கியர் வீட்டில் சமையல் செய்தவராம். அந்த வீட்டிலும் பெரியவர்கள் பொட்டலம் கொடுத்துக்கொள்வதைச் சிறுவயதில் கண்டிருக்கிறார்.

"பெரியவங்களுக்குத்தான் கொடுக்கணும் தம்பி. பிள்ளைங்களுக்கு யாராவது எதையாவது கொடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. நமக்கு யார் கொடுக்கறாங்க?" என்றார்.

அடுத்த வருஷம் கோடையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மேலேயே விட்டால் அவர் குழியையும் நானே வெட்டவேண்டி வரும் என்று வண்டியில் போட்டு, தேவாரத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, அக்கா வீட்டு மாட்டுக்கொட்டத்தில் கிடத்தினேன். அக்கா நிலவேம்பு காய்ச்சி ஊற்றினாள், வாந்தி அள்ளினாள், அவர் பிதற்றி எழுந்து ஓடியபோது காலை வாரிவிட்டுக் கயிற்றால் கட்டிப்போட்டாள். அவர் பிழைத்தார்.

அக்கா விதவை. அத்தான் வாந்திபேதியில் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அவளுக்கு இருந்தது கிணற்றோடு ஒரு தோட்டம். அத்தான் பேரைச் சொல்லிக்கொண்டு இருக்கும் மட்டும் அது அவளுடையது, வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டால் தோட்டம் அத்தானின் தம்பிக்குப் போகும் என்பது எங்கள் சாதி வழக்கம். வேதத்தில் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகியும் இந்த வழக்கம் மாறவில்லை. வாழ்க்கைப்படுவதற்கு மேளம், தாலி எதுவும் வேண்டாம். தாலியறுத்தவளுக்கு ஒருவன் நாலு பேர் பார்க்கப் புதுச் சேலையை நீட்டி, அவள் அதைக் கைநீட்டி வாங்கிவிட்டால் போதும். கோயிலில் சாமியார் அதை ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் நிலத்தைப் பற்றிய பேச்சு கோயிலில் நடப்பதில்லை. ஊர் நாட்டாமைகள் சேலையைத்தான் பார்ப்பார்கள்.

மலையைக் குடைந்து தண்ணீர் கீழே வரப்போகிறது, கரடெல்லாம் நெல் விளையும் என்ற பேச்சு கிளம்பியதும், அக்காவின் கொழுந்தனுக்கு அந்தத் தோட்டத்தின்மேல் வெறி பிடித்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலின் தோலைக் கத்தியால் கிழித்துப்போட்டான். கேட்கப்போன அக்காவை மாடு ஓட்டும் தார்க்குச்சியால் தோளில் அடித்தான். சேதி கேட்டு நான் இறங்கிவந்து அவனைக் கட்டிப்புரண்டேன். அவன் வயிற்றில் முட்டியை வைத்தேன், அவன் என் முன்பல் ஒன்றை எடுத்தான். அதன்பிறகு இருவரும் பார்க்கும் இடத்தில் காறித் துப்பிக்கொண்டு போனோம்.

கொத்தனார் பிழைத்த அந்த வருஷம் எங்கள் கோயிலுக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வந்திருந்தார். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம் அரைகுறைத் தமிழில், பாலனுக்குக் காணிக்கை கொண்டுவந்த மூன்று ராசாக்களும் பெரிய மனிதர்களே, ஆகவே பெரியவர்களும் இந்தத் திருநாளில் ஒருவருக்கொருவர் ஏதாவது கொடுக்கவேண்டும் என்று பிரசங்கம் செய்தார். வெளியே வந்ததும் இதைப் பற்றி ஒரே தர்க்கம். பிள்ளைகளுக்குப் பொரியும் வெல்லமும் கொடுப்பதுதான் அதுவரை இருந்த பழக்கம். அக்காவின் கொழுந்தன் அன்று சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"பிள்ளைகளுக்குக் குடுத்தா அது பண்டம். பெரிய ஆளுக்குக் குடுத்தா அது பேச்சு. இங்கன வழக்கம் என்னான்னு சாமியாருக்கு யாரும் சொல்லலையாக்கும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய ஆள் சும்மா எதையும் வாங்கமாட்டான். வெற்றிலை வாங்கினால் வாக்கு, வேட்டி வாங்கினால் உறவு. அதனால்தான் எதைக் கொடுத்தாலும் தட்டில் வைத்துத் திறந்து கொடுப்பது. வாங்குகிறவன் பார்த்துவிட்டு வாங்கலாம், பார்த்துவிட்டுக் கையை மடக்கவும் செய்யலாம்.

கிறிஸ்மஸுக்கு நானும் கொத்தனாரும் மலையிலிருந்து இறங்கினோம். கம்பத்துச் சந்தையில் அவர் என்னைச் சுருட்டு வாங்க அனுப்பிவிட்டு எதையோ வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார். பெண்டாட்டிக்கு ஒரு சுங்குடிச் சேலை என்றார். அதே மாதிரி இன்னொன்றும் வாங்கியிருந்ததைச் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

கிறிஸ்மஸ் அன்று விடிந்தபின் பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. கோயில் வாசலில் மாடு அவிழ்த்துவிட்ட வண்டிகள் நின்றன. கொத்தனார் அக்காவிடம் போய், இங்கிலீஷ் பத்திரிகைக் காகிதத்தில் சுற்றி வெடித் திரியால் கட்டிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார். எங்கள் ஊரில் யாரும் அதுவரை மூடிக் கொடுத்த பொருளைக் கண்டதில்லை. அக்கா கற்கண்டு என்று நினைத்திருக்கிறாள். சாமியார் சொன்னதும் காதில் இருந்தது. வாங்கிவிட்டாள். திரியைப் பல்லால் கடித்து இழுத்ததும் காகிதம் விரிந்து, நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை அவள் கையிலிருந்து வழிந்து தரையைத் தொட்டது.

 அக்கா அப்போதுதான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஆனால் சேலையைக் கீழே போடவும் அவளுக்குத் தோன்றவில்லை. கொத்தனார் சிரித்துக்கொண்டு நின்றார்.

கொழுந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"பாத்துக்கிருங்க. மதினி கைநீட்டி வாங்கிட்டாக. நாளைக்கு நானாக் கட்டிச் சொன்னேன்னு இருக்கக்கூடாது, எல்லாரும் பாத்தாச்சு" என்றான். பிறகு அக்காவைப் பார்த்து, "பொட்டிய எடுத்துக்கிட்டு ஒங்க கொத்தனோட கெளம்புங்க மதினி. தோட்டத்துப் பக்கம் இனிமே வராதீக" என்றான்.

அக்கா பொட்டலத்தைத்தான் வாங்கினாள், சேலையை வாங்கவில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். மூடிக் கொடுத்தது என்றால் இன்னும் மோசம், திருட்டுத்தனமாகக் கட்டிக்கொள்ளப் பார்த்தார்கள் என்றான் கொழுந்தன். கொத்தனாருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. அவர் பையிலிருந்து இரண்டாவது பொட்டலத்தை எடுத்து, இதே மாதிரி என் பெண்டாட்டிக்கும் வாங்கியிருக்கிறேன் ஐயா, இந்த அம்மா எனக்குத் தங்கச்சி மாதிரி என்று காட்டப்போனார். கொழுந்தன் அவர் வாயில் குத்தினான். அவர் விழாமல் அவன் சட்டையைப் பிடித்தார். அவன் முதுகுப் பக்கம் சொருகியிருந்த அரிவாளை உருவி வீசினான். கொத்தனார் வலது கையைத் தூக்கினார். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கோயில் படியில் விழுந்தன.

நான் பக்கத்து வண்டியின் முட்டுக்கட்டையை உருவி அவன் தலையில் போட்டேன். பூசணிக்காய் உடைகிற சத்தம். உட்கார்ந்துவிட்டான். அவனுடைய சித்தப்பன் மக்கள் இரண்டு பேர் என்மேல் விழுந்து மிதித்தார்கள். என் விலா எலும்பு ஒன்று அன்று விரிசல் விட்டது, மழைக்காலத்தில் இன்றும் குத்துகிறது. சாமியார் பூசை அங்கியோடு ஓடிவந்து நடுவில் நின்றார், அவர் அங்கியிலும் ரத்தம். யாருடைய ரத்தம், யாருடைய ரத்தம் என்றுதான் அவரால் கேட்க முடிந்தது.

அக்கா அந்தச் சேலையைப் பல்லால் கடித்து நடுவே கிழித்தாள். கிழிகிற சத்தத்துக்கு என்னை மிதித்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பாதியால் கொத்தனாரின் கையைச் சுற்றிக் கட்டினாள். மறு பாதியை எடுத்துக்கொண்டு கொழுந்தனிடம் போனாள். அவன் கண் சொருகி உட்கார்ந்திருந்தான். அவன் மண்டையைச் சுற்றி இறுக்கி, தலைப்பாகை மாதிரி முடிந்துவிட்டாள். முடிச்சை இழுத்தபோது அவன் முனகினான்.

பிறகு நிமிர்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சீலைய வாங்குனவ பொண்டாட்டின்னியே கொழுந்தா. அதுல பாதிய நீயும் வாங்கித் தலையில கட்டியிருக்க. அப்ப நீ யாருக்கு என்னா மொறை? எனக்கு நீ பொண்டாட்டியா, இல்ல கொத்தனாருக்கா?"

யாரோ ஒருவன் சிரித்தான். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே சனம் சிரித்தது. கொழுந்தனின் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஓடிவந்து புருசன் தலையிலிருந்த துணியைப் பிடுங்கினாள். காயம் திறந்து ரத்தம் அவன் காதில் ஒழுகியது.

"மொறையாம் மொறை. வெறும் கந்தத் துணி, இதுல என்னா கெடக்கு. துணி கட்டுனா ஒறவாயிருமா?" என்று கத்தி அதைக் காலால் தள்ளினாள்.

"கேட்டுக்கிட்டீகளா, அவ வாயாலயே சொல்லிட்டா" என்றாள் அக்கா.

தோட்டம் அன்றே தப்பியது. கொழுந்தன் காயம் ஆறி, ஊர்க்கூட்டத்தில் வழக்கை வைத்தபோது நாட்டாமைகள் அவன் பெண்டாட்டி சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொன்னார்கள். அதோடு, கிழிந்த சேலை எந்தக் காலத்திலும் சேலைக் கணக்கில் வராது என்றும் சொன்னார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. விரலுக்கு மண்டை சரியாகப் போயிற்று என்று தீர்த்தார்கள். கடைசியில், இனிக் கிறிஸ்மஸுக்குப் பெரியவர்கள் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாது, பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடும் போட்டார்கள். வாத்தியார் கேட்டால் மகிழ்வார். சாமியார் அதன்பின் மூன்று ராசாக்களைப் பற்றிப் பேசவில்லை.

கொத்தனாரும் நானும் மலைக்குத் திரும்பினோம். இரண்டு விரல் இல்லாமல் கரண்டி பிடிக்க முடியாது என்று அவரைச் சுண்ணாம்பு சலிக்கப் போட்டார்கள். சுண்ணாம்பு புண்ணில் ஏறி, அவர் ராவெல்லாம் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காவைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருப்பார். நடந்தது முழுவதும் அவருக்குக் கடைசிவரை புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த கிறிஸ்மஸுக்கு நான் இறங்கும்போது, அந்த இரண்டாவது பொட்டலத்தை, காகிதமும் வெடித் திரியும் அப்படியே இருக்க, என்னிடம் நீட்டினார்.

"அக்காவோட சேலை என்னாலதானே கிழிஞ்சுபோச்சு. இதைக் கொடுத்துடு தம்பி. என் பெண்டாட்டிக்கு ஊருக்குப் போறப்ப வேற வாங்கிக்கறேன்."

அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று எனக்குக் கை எழுந்தது. நீட்டிய கையில் மூன்று விரல்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

வாத்தியாரின் கட்சியில் நான் இல்லை. மண்டை பிளந்த பிறகும் இல்லை. மூன்று விரலால் ஒருவர் நீட்டியதை வேஷம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஊர்க் கட்டுப்பாட்டையும் மீற முடியாது, அந்தத் தோட்டத்தில் அக்கா இன்னும் நிற்கவேண்டும். கூடலூர் வந்து வண்டியை ஓரம் கட்டி, காகிதத்தைப் பிரித்தேன். சேலையின் கரையைக் கிழிக்க முன்பல் இல்லாததால் கடைவாய்ப் பல்லால் கடித்தேன். நடுவே இரண்டாகக் கிழித்து, இரண்டு துண்டையும் தனித்தனியாக மடித்து வைத்துக்கொண்டேன்.

அக்கா வாங்கும்போது முதலில் கிழிசலைத்தான் தடவிப் பார்த்தாள். பிறகு ஊசி நூல் கேட்டாள். மலையைத் தாண்டித் தண்ணீர் வந்த வருஷம், நடவு வயலில் அவள் கட்டியிருந்தது அந்தச் சேலைதான். குனிந்தபோது முதுகுப் பக்கம் தையல் கோணலாகத் தெரிந்தது.