ராய்ஸ் டார்பெல் காவல் நின்ற கோடு

அந்தச் சனிக்கிழமை மதியம் லோரேயா உரியார்த்தே தன் கொட்டகையில் விமானத்தின் வயிற்றில் வழிந்திருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விமானப் பந்தயத்தின் எல்லைக் கோட்டைக் காவல் காக்கும் ராய்ஸ் டார்பெல் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மூணாவது சுத்துல கோட்டைத் தாண்டிட்டம்மா," என்றார்.

"எவ்வளவு?"

"ஒரு றெக்கை அளவு."

"காத்து தள்ளிடுச்சு ராய்ஸ்."

"தெரியும். கொடி எந்தப் பக்கம் பறந்துச்சுன்னு நானும் பாத்தேன்."

"அப்புறம் என்ன? வேணும்னேவா தாண்டினேன்?"

"நீ தாண்டினியா, காத்து தாண்ட வெச்சுச்சான்னு வேலிக்குப் பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?"

துணியை வாளிக்குள் எறிந்தாள். "அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு நீ பறக்க முடியாது. இன்னும் கொஞ்ச நேரத்துல போர்டுல எழுதிடுவாங்க. அதைப் பாத்து நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் நானே வந்தேன்."

ஹார்லோவில் அது அவளுக்கு முதல் பந்தயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பயிற்சி விமானம் அது. மாமாவின் ஆட்டுப்பண்ணைக் கொட்டகையில் கிடந்ததை இரண்டு வருடம் பாடுபட்டுப் பறக்க வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றைப் பார்க்க மாமா நெவாடாவின் அந்தக் கோடியிலிருந்து காரோட்டி வந்திருந்தார். லோரேயா அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் அன்று வாயில் வந்துவிட்டது.

"வீடு வீடா கேஸ் ஊத்திட்டுத் திரியறவங்க எல்லாம் பறக்கறவங்களுக்குத் தீர்ப்பு சொல்ல வந்துட்டாங்க."

வீட்டுத் தொட்டிகளில் சமையல் கேஸ் நிரப்பிக் கொடுப்பதுதான் ராய்ஸின் பிழைப்பு. அவர் கோபப்படவில்லை. "கேஸ் ஊத்துறவனுக்குத்தாம்மா தெரியும், துளி கசிஞ்சாலும் கசிவு கசிவுதான்னு," என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். வாசலில் ஒரு நிமிடம் நின்றார். "என் வீட்டுக்காரி டார்லா பீச் பழப் பலகாரம் சுட்டிருக்கா. வந்து சாப்பிடு. கோவத்தோடயே வா, பரவால்ல."

அவள் போகவில்லை. மறுநாள் டார்லாவே ஒரு தட்டில் அந்தப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே இறுதிச் சுற்று இரைந்துகொண்டிருந்தபோது, டார்லா தன் கணவரைப் பற்றிச் சொன்னாள்.

ஹார்லோவில் பந்தய வாரத்தின் செவ்வாய்க்கிழமையே வேலியோரம் மடக்கு நாற்காலிகள் முளைத்துவிடும். முதுகில் குடும்பப் பெயர் எழுதியிருக்கும். ஆளே இல்லாமல் மூன்று நாள் கிடந்தாலும் அடுத்தவர் நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள். அப்பா உட்கார்ந்த இடத்தில் மகன் உட்காருவான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு விமானம் திரும்பும்போது அதன் எஞ்சின் மூடி கழன்று வேலியைத் தாண்டி வந்து விழுந்தது. விழுந்தது ராய்ஸின் மகள் ஜூன் நாற்காலிமேல். ஒன்பது வயது ஜூன் அப்போதுதான் எலுமிச்சை ஜூஸ் வாங்க எழுந்து போயிருந்தாள். யாருக்கும் காயமில்லை. சுற்றியிருந்தவர்கள் அந்தத் தகட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ராய்ஸ் மட்டும் நசுங்கிய நாற்காலியைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு, வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பந்தயக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். வேலி ஆயிரம் அடி பின்னால் போக வேண்டும், விமானங்கள் தாண்டக்கூடாத கோடு ஒன்று வேண்டும், அதற்கு ஆள் காவல் வேண்டும். குழுவும் ஒப்புக்கொண்டு புது வேலி போட்டது. ஆனால் அடுத்த பந்தய வாரத்துச் செவ்வாய்க்கிழமை ஜனங்கள் பழைய இடத்திலேயே நாற்காலிகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவற்றைத் தொடக் குழுவில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் ராய்ஸ் தொட்டார். முதலில் தன் வீட்டு நாற்காலிகளை எடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக, அதே வரிசையில், பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருக்கும்படி, ஐஸ் பெட்டிக்கு விட்டிருந்த இடைவெளியைக்கூட அளந்து, புது வேலியருகே கொண்டுபோய் வைத்தார். பாதி வேலை முடிந்திருந்தபோது மெர்ல் ஸ்ட்ரவுட் வந்துவிட்டான்.

"யோவ் கேஸ்காரரே, என் நாற்காலியை யாரு தொட்டது?"

"நான்தான். உனக்கு இந்தப் பக்கம் அதே பிக்கெட் குடும்பம், அந்தப் பக்கம் அதே உன் மச்சான். போய்ப் பாரு."

"மச்சானையாவது கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாம்ல. அங்கேருந்து பாத்தா விமானம் ஈ மாதிரி தெரியும்யா."

"தெரியட்டும். ஈ வந்து மேல விழுந்தா யாரும் சாகமாட்டாங்க."

மெர்ல் திட்டிக்கொண்டே ஒரு பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தான்.

டார்லா சொல்லி முடித்தபோது தட்டில் பலகாரம் தீர்ந்திருந்தது. "ஜூனோட நாற்காலி இன்னும் எங்க வீட்டுச் சுவத்துல ஆணியடிச்சுத் தொங்குது," என்றாள். "வீட்டுக்கு வர்றவங்க என்னவோ ஏதோன்னு பாப்பாங்க."

அதன்பிறகு லோரேயா வருடாவருடம் ராய்ஸ் வீட்டில் சாப்பிட்டாள். கோட்டருகே அவர் வேலை செய்வதையும் பார்த்தாள். கோட்டின் முனையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கம்பம். பின்கம்பத்தில் கன்னத்தை ஒட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இரண்டும் ஒன்றாகும்படி பார்ப்பார். கம்பத்துக்கு இந்தப் பக்கம் றெக்கை தெரிந்தால் ரேடியோவில் விமானத்தின் எண்ணைச் சொல்வார். வேறெதுவும் சொல்லமாட்டார். எட்டு நிமிடப் பந்தயத்தில் இமைப்பதைக்கூட எண்ணிச் செய்வது போலிருக்கும்.

விமானிகளையும் அவர் விடவில்லை. தரையில் நிற்கும் விமானத்தில் உட்காரவைத்து, கண்ணைக் கட்டிவிட்டு, இருக்கைப் பட்டையை அவிழ்த்து, மேல்மூடியைத் தள்ளி, வெளியே குதிக்கச் செய்வார். "கேஸ்காரர் கண்ணாமூச்சி ஆடக் கூப்பிடறார்" என்று கேலி செய்தார்கள். லோரேயா இருபத்திரண்டு வினாடியில் இறங்கினாள். "இன்னொரு தரம்," என்றார். பதினாறு. "இன்னொரு தரம்."

மூன்றாம் வருடம் பந்தயத்தின் நடுவில் அவள் எஞ்சினில் எண்ணெய்க் குழாய் பிளந்தது. முன்கண்ணாடி கறுத்துவிட்டது. வேகம் இருக்கும்போதே மேலே ஏறி, கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக விலகி, வறண்ட ஏரித் தரையில் வயிற்றை உரசிக்கொண்டு இறங்கினாள். புகையில் ஒன்றும் தெரியவில்லை. பட்டை, மூடி, றெக்கை என்று கைகளே வழி கண்டுபிடித்தன. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அவள் தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். ராய்ஸ் வரவில்லை. கடைசி விமானம் தரை தொட்ட பிறகுதான் நடந்து வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் எரிஞ்சிருந்தாக்கூட வந்திருக்கமாட்டீங்க போல," என்றாள். சிரிப்பாகத்தான் சொல்ல நினைத்தாள்.

"இன்னும் அஞ்சு பேர் மேல பறந்துட்டிருந்தாங்கம்மா," என்றார். "உன் பக்கம் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா நின்ன இடத்துல நின்னிருக்கமாட்டேன்." அவள் கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தன் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார்.

விமானத்தைத் திரும்பப் பறக்க வைக்க ஒன்றரை வருடமாயிற்று. அடுத்த செப்டம்பரில், பந்தய வாரத்துத் திங்கட்கிழமை காலை ராய்ஸ் கொட்டகைக்கு வந்தார். தொப்பி கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்தாள்.

ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். வாங்கும்போது அவர் கை கோப்பைக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய், பிறகு சரியாகப் பிடித்தது.

"பாத்துட்டியா?" என்றார்.

"என்ன ஆச்சு ராய்ஸ்?"

"வலது கண்ணு. நடுவுல புகை மாதிரி ஒண்ணு நிக்குது. மெதுவாத்தான் வளரும், இந்த வருஷம் தாங்கினாலும் தாங்கும்னு டாக்டர் சொல்றார். டார்லா போகாதேங்கறா. கம்பம் நல்லாத்தான் தெரியுதுன்னு நான் சொல்றேன். ஆனா அதைச் சொல்றது அந்தக் கோட்டுக் காவலை விட மனசில்லாத ஆளாச்சே. அவன் பேச்சை எப்படி நம்பறது?"

வெளியே யாரோ நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது. ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார்கள்.

"உனக்கு எங்கிட்டக் கடன் எதுவும் இல்ல," என்றார். "உன்னை வெளிய அனுப்பினவன் நான். அதனாலதான் உங்கிட்டக் கேக்கறேன். மத்தவங்க எனக்காகப் பொய் சொல்லிடுவாங்க."

"கேளுங்க."

"நாளைக்குக் காலைல பயிற்சி. வேலிக்குப் பின்னாடி ஒரு ஆளும் இருக்கமாட்டாங்க, குழுத் தலைவர்கிட்ட பேசிட்டேன், அந்தப் பக்கம் முழுக்கக் காலி பண்ணித் தர்றார். நீ ஆறு சுத்து போ. அதுல ஒண்ணுல மட்டும் கோட்டைத் தாண்டு. அன்னிக்குத் தாண்டினியே, ஒரு றெக்கை அளவு, அவ்வளவுதான். எந்தச் சுத்துன்னு எங்கிட்டச் சொல்லாத. நான் உன் எண்ணைச் சொன்னேன்னா சரி. சொல்லலேன்னா, நான் இனிமே கோட்டுல நிக்கக் கூடாது. அதைப் போர்டுல எழுத விட்டுடாதம்மா. நீயே வந்து சொல்லு."