கரண்டு காடியும் அஞ்சலை அக்காவின் செருப்பும்

டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு வயது உண்டு: ஒன்று நம்முடையது, மற்றொன்று வண்டியுடையது. நம்முடையதை யாரும் கேட்பதில்லை; வண்டியுடையதை மட்டும் விடவே மாட்டார்கள். ஈப்போ வெயிலில் டாக்சி ஓட்டி முதுகு பிடித்துக்கொண்ட அண்ணன்மார்களே, அக்காமார்களே, இது உங்களுக்குத் தெரியாததா?

கடைசிச் சவாரி

என் பழைய வண்டி, எங்கள் பேச்சில் காடி, ஒரு நாளும் என்னை நடுரோட்டில் விட்டதில்லை. ஏர்கோன் மட்டும் வெயில் நாளில் படுத்துக்கொள்ளும், மழை நாளில் குளிரடிக்கும். மற்றபடி தங்கம். ஆனால் டாக்சி இத்தனை வருடம்தான் ஓடலாம் என்று சட்டம் இருக்கிறதே! கெடு முடிந்தது. அதற்குப் பதிலாக மின்சார வண்டி எடுப்பதென்று துணிந்துவிட்டேன்.

கடைசிச் சவாரிக்குப் புந்தோங் சந்தையில் ஏறியவர் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. வழி நெடுக நான் வண்டிக்காகப் புலம்பினேன், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இறங்கும்போது என் நரைத்த தலையை ஒரு பார்வை பார்த்தார்.

"காடிக்கு மட்டுந்தான் வயசு பாக்குறாங்களா? ஓட்டுறவங்களுக்கு இல்லையா லா?"

எலுமிச்சம்பழம்

புது வண்டிக்குப் புந்தோங் கோயிலில் பூசை. ஐயர் சந்தனம் வைத்தார், மாலை போட்டார், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார். பண்ணினேன். அவர் காதைத் தீட்டிக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். "பண்ணும்மா" என்றார் மறுபடியும். பண்ணிவிட்டேனே என்று ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தினேன். பழம் நசுங்கிச் சாறு அவர் வேட்டியில் தெறித்தது. மனுஷர் பிரசாதத் தட்டோடு பின்னால் தாவினார். ஒரு பூகூடச் சிந்தவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"கெளம்பும்போது ஹாரன் அடிம்மா. சத்தமில்லன்னாலும் சாமிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது."

அஞ்சலை அக்கா தீர்ப்பு

ஈப்போவுக்கு வெளியே பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்று. இப்போது செம்பனைதான், ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் நம்மவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குத் தினம் நான்கு பெண்களை ஏற்றிப் போவேன். அவர்களை நம்பித்தான் புது வண்டித் தவணையே. நால்வருக்கும் தலைவி அஞ்சலை அக்கா. அவர் ஏறினால் மற்ற மூவரும் ஏறுவார்கள்.

முதல் நாள் நல்ல மழை. அக்கா குடையோடு வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, இரண்டடி பின்வாங்கினார். அப்புறம் நால்வரும் வேறொருவருடைய வேனில் ஏறிப் போய்விட்டார்கள். நான் வைப்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகுமுன் அக்கா சொன்னது இது.

"வீட்டுல சுவிச்சப் போடவே நான் செருப்புப் போட்டுக்குவேன். மழையில இந்தக் கரண்டு காடிக்குள்ள எப்படி லா உக்காருவேன்?"

பாகான் செராய்

தவணைக் கவலையில், வந்த ஒரு தூரத்துச் சவாரியை நான் விடவில்லை. பாகான் செராயில் கல்யாணம். பட்டுச் சேலையும் மல்லிகைப்பூவுமாக ஒரு குடும்பம். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஏர்கோனை அடைத்தேன், ரேடியோவை அடைத்தேன், லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு ஓரமாக ஊர்ந்தேன். பாகான் செராய் வயல்வெளிக்கு வந்து சேர்ந்தபோது பாதிக்கு மேல் மின்சாரம் மிச்சம். பின் சீட்டில் பவுடரெல்லாம் கரைந்திருந்த அம்மாள் விசிறுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"கல்யாணத்துக்குத்தான் போறோம் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி ஓட்டாதீங்க."

உளுந்து

அந்த நால்வரும் குடியிருக்கும் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. காலையில் ஒரு குடும்பத்தை இறக்கிவிடப் போனேன். சமையல் கொட்டகையில் ஒரே கூச்சல். தோட்டம் முழுக்கக் கரண்டு போய்விட்டது. அன்னதானத்து வடைக்கு உளுந்து கிரைண்டரில் பாதி அரைபட்டு நிற்கிறது. வடைப் பொறுப்பு யார்? அஞ்சலை அக்கா! அலமாக், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வண்டி விற்றவர் ஒரு வயரைக் காட்டி, இதைச் செருகினால் வண்டியிலிருந்தே வீட்டுச் சாமான்களை ஓட்டலாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வண்டியைக் கொட்டகையோரம் நிறுத்திச் செருகினேன். கிரைண்டர் ஒரு முறை முனகியது, அப்புறம் ஜம்மென்று சுற்றியது. எனக்கே கைதட்டத் தோன்றியது. மாவு பொங்கி விளிம்புக்கு வரவும், அக்கா பாய்ந்து வந்து தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட ஆரம்பித்தார். வடை எண்ணெயில் விழும்வரை நகரவில்லை.

"அக்கா, செருப்பு எங்க?" என்று கேட்டேன். கோயிலாயிற்றே, வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், அது போய் முடிகிற என் வண்டியைப் பார்த்தார். சுற்றி நின்ற மற்ற மூவரும் அவர் வாயையே பார்த்தார்கள். அக்கா ஒரு சூடான வடையை என் கையில் வைத்தார்.

"திங்கக்கிழம வெள்ளன வந்துரு. முன் சீட்டு எனக்கு."

ஆக, என் வண்டி ரோட்டில் ஓடலாம் என்று போக்குவரத்து அலுவலகம் சான்றிதழ் கொடுத்தது, அதில் ஆள் ஏறலாம் என்று உளுந்து மாவுதான் கொடுத்தது.