அளவுகோலுக்குக் கீழே அடுக்கிய கற்கள்

ஒத்தீலியா மாயெஸ்தாஸ் பதினோரு வருடமாக ஒரு குச்சியைப் படித்துக்கொண்டிருந்தாள். குச்சி என்பது ஊர் வைத்த பெயர். கொலராடோ மாநிலத்தின் கடைசிப் பாலத்தடியில், ஆற்றுக்குள் நட்டு வைத்த, கறுப்புக் கோடும் எண்ணும் போட்ட இரும்புப் பட்டை அது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து நகரத்து நீர் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். புருஷன் செத்து, பிள்ளை குட்டியும் இல்லாமல் இருந்தவளுக்கு அந்த வேலை போதும் என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

மூன்று மாநிலங்களும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. மலைப்பனி உருகி வரும் தண்ணீரில் இன்ன பங்கு அந்தப் பாலத்தைத் தாண்டியே ஆக வேண்டும். தாண்டியதெல்லாம் நியூ மெக்ஸிகோவுக்கும் டெக்சாஸுக்கும். வெகுகாலம் மேலே கொலராடோவில் இருந்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீழ் மாநிலங்கள் இரண்டும் உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகுதான் எல்லோருக்கும் தூக்கம் கலைந்தது. அதிலிருந்து ஒத்தீலியா சொல்லும் எண் கொஞ்சம் இறங்கினால், மேலே அவள் ஊரான எல் ஹரலிட்டோவின் வாய்க்கால் மதகுகள் மூடப்படும். பாட்டன் பூட்டன் மண்வெட்டியால் வெட்டிய வாய்க்கால்களுக்கு அரசாங்கம் சங்கிலி போட்டுப் பூட்டுகிறதென்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கோவிலில் அவள் உட்காரும் பலகையில் ஆட்கள் குறைந்தார்கள். "குச்சிக்காரி வர்றா, பாத்துப் பேசு" என்று அவள் காதுபடவே சொன்னார்கள்.

அந்த வருடம் குளிர்காலத்தில் பனியே சரியாக விழவில்லை. போதாததற்கு ஜூன் மாதத்தில், தானாக அளவு எழுதும் கருவியும் நின்றுபோனது. உதிரிப் பாகம் வரும்வரை ஒத்தீலியாவின் கண்தான் சாட்சி என்று அலுவலகம் சொல்லிவிட்டது. மூன்று மாநிலத்துக்கும் சாட்சி என்று அதைக் கேட்டபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாவம்.

ஜூன் இருபத்து நாலு புனித ஜுவான் திருநாள். அன்று விடியுமுன் பெண்கள் ஆற்றில் இறங்கி, தலை முழுகி, அந்த வருடத்துப் பீடையை எல்லாம் தண்ணீரோடு அனுப்பிவிடுவார்கள். எப்போதும் குளிக்கும் மடு அந்த வருடம் வற்றிக் கிடந்தது. "பாலத்துக்குக் கீழே கொஞ்சம் ஆழம் இருக்கு, வாங்கடி" என்று கூட்டிப்போனதே ஒத்தீலியாதான். இடுப்பளவு தண்ணீர் நிற்கட்டும் என்று எல்லோருமாகக் கல் உருட்டி, குச்சிக்குக் கொஞ்சம் கீழே ஆற்றின் குறுக்கே ஒரு வரிசை கட்டினார்கள். அந்தக் கல்லை மனிதக் கை கலைக்கக் கூடாது, ஆறே கலைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அன்றைய தண்ணீர் கர்த்தர் ஆசீர்வதித்த தண்ணீர். அதற்கும் குச்சிக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருடம் குச்சியைப் பார்த்த கண், அந்த ஒரு நாள் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு சொட்டு மழை இல்லை, ஆனாலும் எண் இறங்கவில்லை. அலுவலகம் நிம்மதியாகப் பூட்டுகளைக் கழற்றியது. அவள் தம்பி லியாண்ட்ரோவின் பார்லி வயல் பால் பிடிக்க ஆரம்பித்திருந்தது. கோவில் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் மறுபடி ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். புனித ஜுவான் கண் திறந்துவிட்டார் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

ஒரு காலை குச்சி இரண்டடி என்று காட்டியது. கொஞ்சம் தள்ளி, பாலத்துக்குக் கீழே ஒரு மாடு ஆற்றைக் கடந்தது. அதன் குளம்புகூட முழுதாக நனையவில்லை. ஒத்தீலியா அந்த மாட்டையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகுதான் நடுவில் இருந்த கல் வரிசை கண்ணில் பட்டது. கல் தடுத்துத் தேக்கிய தண்ணீர் குச்சியில் ஏறி நிற்கிறது. மூன்று வாரமாக அவள் சொன்ன எண் அத்தனையும் பொய்.

கிட்டே போய்ப் பார்த்தாள். பெண்கள் உருட்டிவிட்ட கல் வரிசையாக அது இல்லை. இரண்டு கல் உயரம் கூடியிருந்தது. இடுக்கில் எல்லாம் சேறு, சேற்றுக்குள் வில்லோ மர விளார் திணித்து, புல்கட்டி வைத்து அடைத்திருந்தது. வாய்க்கால் கட்டிப் பழகிய கைதான் அப்படி அடைக்கும். ஊருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஊரே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, அவள் ஒருத்தியைத் தவிர.

அன்று அவள் வழக்கம்போல இரண்டடி என்றே போனில் சொன்னாள். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

மத்தியானம் லியாண்ட்ரோ சாப்பிட வந்தான். பீன்ஸும் பச்சை மிளகாய்க் குழம்பும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"பாத்துட்டியா?"

"நீயாடா வச்ச?"

"நான் வைக்கல. யாரு வச்சாங்கன்னு தெரியும். அத நீ கேக்காத, அக்கா."

"வெள்ளிக்கிழமை நீர் ஆபீசு ஹால்வர்சன் வர்றாரு. ஆத்துல எறங்கி அளக்கப்போறாரு. மாதா சிலை மாதிரி அந்தக் கல்லு அங்க உக்காந்திருக்கும். நான் பாத்துச் சொல்ற எண்ணு, என் தம்பி வயல்ல தண்ணி. யாருடா நம்புவா?"

"அப்போ நாளைக்கே யாராச்சும் கல்ல எடுத்துருவாங்க. நீ எண்ணக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிச் சொல்லு. வெயிலு, வத்திடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. இன்னும் பத்து நாள்தான் அக்கா, பால் முத்திடும். இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல."

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் சாப்பிடவில்லை.

சாயங்காலம் கோஸ்மே வந்தார். பெரிய வாய்க்காலுக்குத் தலைவர், எழுபது ஏக்கர் பார்லி. வண்டியை விட்டு இறங்காமலே ஒரு ஆட்டுத்தொடையைத் துணியில் சுற்றி நீட்டினார்.

"நல்லா எண்ணு சொல்ற, தங்கச்சி. இப்படியே சொல்லு."

"எனக்கு ஒண்ணும் வேணாங்க."

"வாங்கிக்கோ. தனியாளு, உடம்பப் பாத்துக்கணும்ல?" அவர் அவள் வீட்டுக் கூரையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "காஞ்ச மரம், காத்துக் காலம். அடுப்ப அணைச்சிட்டுத் தூங்கு."

குரலில் கோபமே இல்லை. இருட்டுமுன் அவள் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பிறகு இரண்டு வாளி போதாது என்று இன்னும் இரண்டு வைத்தாள்.

பயம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. சொல்லாவிட்டால், கீழே அவள் பார்த்திராத ஊர்களில் யாரோ வாய்க்கால் முனையில் நின்று வராத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வக்கீல் கூட்டிக்கொண்டு வருவார்கள், அப்போது மதகு ஒன்றிரண்டல்ல, பள்ளத்தாக்கு முழுக்க மூடும். சொன்னால் தம்பி வயல் காயும். அவள் ஜெயிலுக்கும் போகலாம், அதற்கு முன்பே இந்த வீடும் எரியலாம். விடியும்வரை இதையே கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

காலையில் குச்சி ஒன்றேமுக்கால் அடி காட்டியது. யாரோ இரண்டு கல்லை எடுத்திருக்கிறார்கள். அவள் மெதுவாக இறக்கிச் சொல்ல வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயத்துக்கு மேலே கோபம் வந்தது. அவளைக் கேட்காமலே அவளையும் கூட்டுச் சேர்த்துவிட்டார்கள்.

அந்த ஊரில் ஒரே கம்பியில் ஒன்பது வீட்டுப் போன். யார் எடுத்தாலும் எல்லாரும் கேட்கலாம், எல்லாரும் கேட்பார்கள். ஒத்தீலியா ரிசீவரை எடுத்தபோது அதற்குள் மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஹால்வர்சன் சார், ஒன்றேமுக்கால்னு காட்டுது. அது பொய். ஜுவான் திருநாள்லேருந்து நான் சொன்ன எல்லாமே பொய். பாலத்துக்குக் கீழ கல்லு கெடக்கு. கல்ல வச்சது நான்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நீங்க மட்டுமா?"

"நான்தான் சார்."

"எதையும் தொடாதீங்க. பதினோரு மணிக்கு வரேன். கல்லோட ஒரு தடவ அளக்கணும், கல்லு இல்லாம ஒரு தடவ."

கம்பியில் ரிசீவர்கள் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு படபடவென்று. ஒன்று மட்டும் வைக்கப்படாமல் இருந்தது. அது லியாண்ட்ரோவின் மூச்சு என்று அவளுக்குத் தெரியும். பிறகு அவனும் வைத்தான்.

பதினோரு மணிக்குப் பாலத்தின்மேல் ஊர் ஆண்கள் எல்லோரும் நின்றார்கள். கோஸ்மே நடுவில். ஹால்வர்சன் தொடை உயரக் காலணியோடு இறங்கி, அளவுக் கருவியை ஆற்றின் குறுக்கே ஒவ்வொரு தப்படியாக நகர்த்தி அளந்தார். நோட்டில் எழுதினார். "சரி, இப்ப கல்ல எடுக்கணும்" என்று பாலத்தைப் பார்த்துச் சொன்னார். யாரும் அசையவில்லை.

ஒத்தீலியா பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் கல் அவளால் அசையவே இல்லை. பின்னால் தண்ணீரில் ஒரு ஆள் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

"கீழ் முனையப் புடி, அக்கா" என்றான் லியாண்ட்ரோ.

இருவரும் எடுத்தார்கள். சேறும் விளாரும் பெயர்ந்து போயின. குச்சியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கி, ஓரடிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. ஹால்வர்சன் மறுபடி அளந்து, கணக்குப் போட்டுச் சொன்னார்: நாளை முதல் எல்லா மதகும் மூடப்படும். கீழே போக வேண்டிய பாக்கித் தண்ணீர் போய்ச் சேரும்வரை, பத்தொன்பது நாள்.

பார்லிக்கு இன்னும் பத்து நாள் தண்ணீர் வேண்டியிருந்தது. லியாண்ட்ரோ அதைக் கேட்டான், கேட்டுவிட்டுக் குனிந்து மிச்சக் கற்களைத் துழாவினான்.

மேலிருந்து ஒரு கல் விழுந்தது. ஒத்தீலியாவின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. அவள் அலறக்கூட இல்லை. லியாண்ட்ரோ பாலத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காவுக்கும் பாலத்துக்கும் நடுவில் வந்து நின்றான். தண்ணீருக்குள் கையை விட்டு, விழுந்த அந்தக் கல்லையும் எடுத்துக் கரையில் போட்டான்.