மல்லிக்காடு பார்க்கப் போய் இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தேன்

கரிசல் காட்டில் கொத்தமல்லி பூத்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. கோயம்புத்தூரில் அலுவலக வேலை. இந்தத் தை மாதம் பொங்கலை ஒட்டி நான்கு நாள் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைத்தது, தனியாகவே கிளம்பிவிட்டேன். ஆனால் இந்தப் பதிவில் பூ கொஞ்சம்தான் வரும். நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இரவு ரயிலில் ஏறினால் காலையில் கோவில்பட்டி. அங்கிருந்து எட்டயபுரம் பதினைந்து கிலோமீட்டர், பேருந்துகளுக்குக் குறைவில்லை. எட்டயபுரத்திலிருந்து புதூர்ப் பக்கம் போக ஷேர் ஆட்டோ பிடித்தேன், ஆளுக்கு முப்பது ரூபாய். ஓட்டியவர் சண்முகையா அண்ணாச்சி. காடு முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ, இறங்கி நின்றாலே மூக்கில் ஏறும் வாசனை. முந்தின நாள் பெய்த மழையில் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. காலை நேரம் போனால் வெயில் படுத்தாது.

மதியம் அதே ஆட்டோவில் திரும்பினேன். பக்கத்தில் மாரியம்மாள், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆடு மேய்ப்பவர். ஆட்டுக்குக் கழிச்சல், அதற்கு மருந்து வாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னார். பேசிக்கொண்டே வரும்போது ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. அண்ணாச்சி வண்டியை ஒடித்தார், ஓரத்து ஈரக் கரிசலில் சக்கரம் புதைந்து ஆட்டோ கவிழ்ந்தது.

எனக்குப் புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். மாரியம்மாளுக்கு ஆட்டோக் கம்பி வயிற்றில் இடித்திருந்தது, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல யக்கா, ஒங்களப் பாருங்க" என்று தன் முந்தானையால் என் நெற்றியை அழுத்திப் பிடித்தார்.

அரசு மருத்துவமனைக்குப் போகலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "ஜி.எச்.சுக்குப் போனா நாள் பூரா நிக்கணும்மா. தனியார்னா துட்டு வாங்குதான், ஆனா ஒடனே பாப்பான். நாற்கர ரோட்டுல புதுசா ஒண்ணு இருக்கு." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வழியில் வந்த ஒரு வேனை நிறுத்தி மூவரும் ஏறினோம்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று. வரவேற்பில் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா?" நான் அலுவலக அட்டையை நீட்டினேன். உடனே சக்கர நாற்காலி வந்தது. தையல் போட்டார்கள். மயக்கமும் இல்லை, வாந்தியும் இல்லை, தலைக்கு ஸ்கேன் எதற்கு என்று கேட்டேன். "கவரேஜ் இருக்கே மேடம், எதுக்கு ரிஸ்க்?" என்றார் மேனேஜர்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தால், மாரியம்மாள் வரவேற்பறைப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அட்வான்ஸ் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு, "அந்தத் திட்டத்துல நாங்க இல்ல" என்று பதில். அவர் முகம் வெளுத்து வியர்த்திருந்தது.

"வயித்துலதான் அடிபட்டுச்சு யக்கா, எடது தோளு ஏன் வலிக்குன்னு தெரியல. தண்ணி தவிச்சுக்கிட்டே இருக்கு."

மேனேஜரிடம் ஓடினேன். என் அட்டையில் இவரையும் பாருங்கள் என்றேன். "அது உங்க பேர்ல இருக்கு." நானே பணம் கட்டுகிறேன் என்றேன். "கட்டிருங்க, ஸ்கேன் எடுத்துருவோம். ஆனா சர்ஜன் சாயங்காலந்தான் வருவாரு." இத்தனை நேரம் பெஞ்சில் உட்கார வைத்தீர்களே என்று கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நாங்க என்ன தர்ம சத்திரமா நடத்துதோம்? லோன் வாங்கிக் கட்டியிருக்கோம் மேடம்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. அந்தத் தொழிலின் கணக்குப்படி அவர் சொன்னது சரி.

சத்தம் கேட்டு ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். பெஞ்சிலேயே மாரியம்மாளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "உள்ள ரத்தம் கசியுது போல. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. 108 கூப்பிட்டு ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க, இப்பவே."

108 வந்து, ரொம்ப தூரம் ஓடிச் சேர்ந்த அரசு மருத்துவமனையில் கூட்டமான கூட்டம். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்லை, அண்ணாச்சியும் நானும்தான் தள்ளினோம். ஆனால் அங்கே கேட்ட முதல் கேள்வி, "எப்ப அடிபட்டுச்சு?" அடுத்தது, "கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?" நின்ற இடத்திலேயே வயிற்றுக்கு ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். மண்ணீரல் கிழிந்திருந்தது, இடது தோள் வலித்ததும் அதனால்தானாம். நேரே ஆபரேஷன் தியேட்டர். அண்ணாச்சி ரத்தம் கொடுத்தார். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள், மாரியம்மாள் பிழைத்தார்.

தியேட்டர் வாசலில் அண்ணாச்சி சொன்னார்: "அங்கன ஏசி இருந்துச்சு, இங்கன டாக்டர் இருக்காவ. ஆனா இதையும் எம்புட்டுத் தூரத்துல வச்சிருக்காவ பாத்தீங்களா? எங்க பக்கம் ஆட்டுக்கு வைத்தியம் பாக்க ஆஸ்பத்திரி இருக்கு. மனுசனுக்கு வயித்தத் தொறந்து பாக்கணும்னா இம்புட்டுத் தொலவு வரணும்."

என் அலுவலக நண்பர் ஒருவர், போட்டி இருந்தால்தான் மருத்துவம் தரமாக இருக்கும், இலவசம் என்றால் யாருக்கும் பொறுப்பிருக்காது என்று வாதாடுவார். நானும் தலையாட்டியிருக்கிறேன். வயிற்றுக்குள் ரத்தம் கசியும் ஒருத்தி கடை கடையாக ஏறி இறங்கி விலை விசாரிக்க முடியுமா? அந்தச் சாலையில் எத்தனை கடை இருக்கிறது? இலவசம் என்று சொல்வதே பொய். மாரியம்மாள் வாங்கும் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி உண்டு. அவர் முன்கூட்டியே கட்டிவிட்டார். அந்தக் காசுக்குரிய சர்ஜன் அவர் ஊருக்குக் கிட்டே ஏன் இல்லை என்றுதான் நாம் சண்டை போட வேண்டும்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மல்லிப் பூவுக்குத் தை மாதம் நல்லது. மழை பெய்த மறுநாள் ஷேர் ஆட்டோ வேண்டாம், பேருந்தில் போங்கள். அறுவை சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவமனை எங்கே என்று போகும்முன்பே கேட்டு வையுங்கள். அடிபட்டால் முதலில் 108. வயிற்றில் அடி என்றால் வெளியே காயமில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் வார்டுக்குப் போனேன். மாரியம்மாள் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். மூக்கில் குழாய், கட்டிலடியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் மாரியம்மாள் கேட்டார்:

"யக்கா, ஒங்க தலைக்கு ஸ்கேன் எடுத்தாவளே, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவளா?"