பெலிக்கன்ஸின் கடைசிப் பதினொரு வினாடி

"நீலம்" என்றார் சத்தியபாமா தொலைபேசியில், மூன்றாவது தடவையாக. பச்சை இல்லை, நீலம். ஆட்டச் சட்டைக்குப் போட்டது மலிவுச் சாயம், தோய்த்துத் தோய்த்துப் பச்சையாகிவிட்டது. அதற்காக அணியின் நிறமே பச்சை என்று எழுதிவிடுவதா? மறுமுனையில் கெவின் விட்ட பெருமூச்சு, பக்கத்துக் கதிரையில் இருந்த சிவபாலனுக்கே கேட்டது. சிவபாலன் மனைவியைப் பார்க்காமல் பேப்பரைப் புரட்டினார்.

ஐந்து மாதமாக, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியென்றால் அந்த வீட்டில் இதுதான் நடக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன் கலைந்துபோன மல்கிரேவ் பெலிக்கன்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியின் வரலாற்றைக் கெவின் எழுதுகிறார். மாநிலத்தின் இரண்டாம் தர லீக்கில் பத்து வருடம் ஆடி, ஒரு கிண்ணமும் வெல்லாத அணி. கெவின் அதில் தடுப்பாட்டக்காரர், பிளம்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஆனால் அவருடைய ஞாபகத்தில் ஒரு திகதிகூட இருந்த இடத்தில் இருப்பதில்லை. "உவன் தன்ர கலியாணத் திகதியையும் என்னட்டக் கேப்பான்" என்று போனை வைத்ததும் சத்தியபாமா சொல்வார். ஒருமுறை கெவின் உண்மையிலேயே கேட்டிருக்கிறார்.

கேட்பதில் நியாயம் உண்டு. அணியின் ஸ்கோர் தாள் முழுவதும் சத்தியபாமாவிடம்தான் இருக்கிறது, சிவபாலனின் சேட்டுகள் இருக்கவேண்டிய அலுமாரித் தட்டில். உரும்பிராயிலிருந்து இந்த நாட்டில் வந்து இறங்கிய இரண்டாம் வருடம், ஐஸ் அரங்கில் சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் அவருக்கு வேலை கிடைத்தது. காலைப் பார்த்தே அளவைச் சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. இன்றும் கோயில் வாசலில் யாருடனாவது பேசும்போது கண் கீழே இறங்கிவிடும். "ஒன்பதரை. ஆனா அவர் ஒன்பது போட்டுக்கொண்டு கஷ்டப்படுறார்." அத்தனை வருடத்தில் ஒருநாளும் ஐஸில் அவர் கால் வைத்ததில்லை. விழுவதற்கென்று ஒரு தரையை ஏன் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு இன்னமும் விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நேரக் கணிப்பாளர் வராமல் போக, பயிற்சியாளர் கவுண்டருக்கு வந்து, எண்களை வடிவாக எழுதுகிறவர் இவர்தான் என்று நேரக் கணிப்பு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த மேசையை விட்டு அவர் எழும்பவேயில்லை. நடுவர் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, கீழே போட்டதும் கடிகாரப் பொத்தானை அமத்த வேண்டும். விசில் ஊதினால் நிறுத்த வேண்டும். எட்டு வருடம் அமத்தினார், நிறுத்தினார்.

போன மாதம் கெவின் கடைசி அத்தியாயத்தை அனுப்பினார். சத்தியபாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குசினி மேசையில் இருந்து வாசித்தார். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு இறுதிப் போட்டி. மூன்றுக்கு மூன்று. பதினொரு வினாடி மிச்சம். கடிகாரத்தில் ஒரே ஒரு வினாடி இருக்கையில் எதிரணி அடித்த பக், கோல் காப்பாளர் கேரியின் கால்களுக்கு நடுவால் போனது. அதோடு பெலிக்கன்ஸின் கதை முடிந்தது என்று எழுதியிருந்தார் கெவின்.

கேரி என்று ஒருவர் அந்த அணியில் இல்லை. கஜீவன் இருந்தான். பத்தொன்பது வயது, அந்த லீக்கிலேயே ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளை. பெயர் வாயில் நுழையவில்லை என்று அவர்களாகக் கேரியாக்கிவிட்டார்கள். முதலில் அந்தப் பெயரைத்தான் திருத்தினார் சத்தியபாமா. பிறகு, அரங்கை விற்கும் முடிவு இறுதிப் போட்டிக்கு முன்பே, அந்த ஜூலையிலேயே ஆகிவிட்டது, நிலம் அளக்க வந்தவர்கள் தன்னிடம்தான் கழிவறை எங்கே என்று கேட்டார்கள், ஆகவே அணியை முடித்தது அந்தக் கோல் இல்லை என்று ஓரத்தில் எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. சோறு குழைந்து மணக்கும்வரை அப்படியே இருந்தார். சிவபாலன் வந்து அடுப்பை நிறுத்தினார்.

அன்றுதான் கணவரிடமே முதல்முதலாகச் சொன்னார். அந்தக் கடைசிப் பதினொரு வினாடிக்கு நடுவர் பக்கைப் போட்டபோது, தான் குனிந்து மூக்குக் கண்ணாடியில் படிந்த பனிப்புகாரைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்து பார்த்தால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, கடிகாரம் நிற்கிறது. உடனே அமத்தினார். ஆனால் மூன்று வினாடி போயிருந்தது. எப்படிக் குறைத்தாலும் இரண்டு. அந்தக் கோல் விழுந்தபோது நேரம் முடிந்திருந்தது. எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மேசைக்கு இந்த மனுசியை யார் இருத்தியது என்று யாரோ கேட்கப்போகிறார்கள் என்ற பயத்தில், தாளில் கோல் என்று வடிவாக எழுதினார். கஜீவன் முகமூடியைக் கழற்றாமலே வெளியே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அவன் சிட்னிக்குப் போய்விட்டான். பிறகு எந்த அணியிலும் அவன் ஆடவில்லை.

கெவினுக்குத்தான் முதலில் போன் எடுத்தார். கெவின் முழுவதையும் கேட்டுவிட்டு, பக்கங்கள் அச்சுக்குப் போய்விட்டன, பெயரையும் அரங்கு விற்ற கதையையும் திருத்தியாயிற்று, இதை இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம் என்றார். புத்தகத்துக்கு அது நல்ல முடிவாகவும் இருக்கிறதாம். சத்தியபாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீலத்தைப் பச்சையாக்கியவனுக்கு இதுவும் நல்ல முடிவாகத்தான் தெரியும்.

அடுத்தது கஜீவன். இப்போது சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கிறான், ரயில்களுக்கு மின்சார வேலை, நாற்பத்தைந்து வயது. அவனாவது புரிந்துகொள்வான் என்று நினைத்தார்.

"விடுங்கோ அன்ரி" என்றான் அவன். "நான் முழங்காலை மடக்கியிருந்தா அது உள்ளுக்குப் போயிராது. அது என்ர பிழைதான்."

"நீ மடக்கினா என்ன, மடக்காட்டி என்ன? அதுக்குள்ள மட்ச் முடிஞ்சிட்டுது. முடிஞ்ச மட்சில என்னண்டு கோல் போடுறது?"

அவன், மகளை நீச்சல் வகுப்பிலிருந்து ஏற்றப் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சத்தியபாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிழை என்ர எண்டு சொல்லுறன். அவன் தரமாட்டன் எண்டு நிக்கிறான்" என்றார் சிவபாலனிடம். அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கப்பட்டன. உப்புக் கூடினால் கெவின், குறைந்தால் கஜீவன். ஒரு மனுசி தன் பிழையை ஒப்புக்கொள்ள இத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டுமா என்று, மரக்கறிக் கடையில் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத அன்ரி ஒருவரிடமும் கேட்டார். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு வரிசைக்குப் போனார்.

புத்தகத்தை வெளியிடப் பழைய ஆட்டக்காரர்களின் ஒன்றுகூடல் ஞாயிறு மதியம், விளையாட்டுக் கழகத்தின் மாடி அறையில். பன்னிரண்டு மணிக்குத்தான் ஆட்கள் வருவார்கள். சத்தியபாமா பத்தரைக்கே சிவபாலனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலுக்குப் பக்கத்து மேசையில் புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருந்தன, அறுபது பிரதி. ஒரு கட்டைப் பிரித்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து, கோல் விழுந்த வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினார்: கடிகாரம் பிந்தித் தொடங்கியது, பிழை நேரக் கணிப்பாளருடையது, கோல் செல்லாது. கீழே முழுப் பெயர். அடுத்ததை எடுத்தார். இருபதாவது பிரதியில் கெவின் வந்து பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைக் கண்டதும் கதிரை அடுக்கப் போய்விட்டார். கைவலி கூடியதால் நாற்பதுக்குப் பிறகு சிவபாலன் அந்தப் பக்கத்தை விரித்து விரித்துக் கொடுத்தார்.

கஜீவன் வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மணிக்கு மேல், முன்தலை வழுக்கை விழுந்து, மகளோடு மாடியேறி வந்தான். பழைய ஆட்டக்காரர்கள் கேரி, கேரி என்று கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே மேசைக்கு வந்து, அன்ரியிடம் சுகம் கேட்டு, புத்தகத்துக்குக் கை நீட்டினான்.

சத்தியபாமா முப்பத்தொன்றாம் பக்கத்தை விரித்து நீட்டினார். அவன் பிடித்தான். அவன் கண் அவர் எழுதிய வரியின் கடைசிக்குப் போய், மறுபடி முதலுக்கு வந்து, திரும்பவும் கடைசிக்குப் போகும்வரை, புத்தகத்தின் மற்ற ஓரத்தை அவர் விடவில்லை.